ஏழாவது த்ரெட் நின்ற இடம்

திரையில் வந்தது மூன்றே வரி. மூன்றாவது த்ரெட் ஹார்டுவேர் வாட்ச்பாயிண்ட் 2-ஐத் தொட்டது. பழைய மதிப்பு 1. புதிய மதிப்பு 4294967295.

இந்த மூன்று வரிக்காக ஒன்றரை நாள் காத்திருந்தேன். வந்ததும் கை தட்டிக் குதிக்காத குறை. ஆனால் அந்த மூன்று வரியைத் தப்பாகப் படித்ததால் அப்புறம் இரண்டு நாள் வீணானது. எதைத் தப்பாகப் படித்தேன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. பல த்ரெட்டுகள் (ஒரே ப்ரோக்ராமுக்குள் ஒரே நேரத்தில் நடக்கும் தனித்தனி ஓட்டங்கள்) ஓடும் ப்ரோக்ராமில், பிழை தேட உதவும் டிபக்கர் ஒரு வாட்ச்பாயிண்ட்டை, அதாவது மெமரியில் ஒரு மதிப்பு மாறினால் ப்ரோக்ராமை நிறுத்தும் காவலை, எப்படிக் கையாளுகிறது என்று தெரிந்திருந்தால், அன்றைக்கே பிழையைப் பிடித்திருக்கலாம்.

முதலில் ப்ரோக்ராம். வேலைகள் ஒரு க்யூவில் வந்து சேரும், ஒர்க்கர் த்ரெட்டுகள் ஒவ்வொன்றாக எடுத்துச் செய்யும். இன்னும் எத்தனை வேலை பாக்கி என்பதை பெண்டிங் என்ற 4 பைட் எண் வைத்திருக்கும். அது குறியில்லாத எண், பூஜ்ஜியத்துக்குக் கீழே போக முடியாது. பூஜ்ஜியத்தில் இருந்து ஒன்றைக் கழித்தால் சுற்றிக்கொண்டு 4294967295-க்குப் போய்விடும். எங்கள் ப்ரோக்ராமில் சில மணி நேரத்துக்கு ஒரு முறை அந்த எண் அப்படித்தான் போய் நின்றது. உடனே எல்லா ஒர்க்கர்களும் நானூறு கோடி வேலை காத்திருப்பதாக நினைத்துக்கொண்டு காலி க்யூவைத் துழாவ ஆரம்பிக்கும்.

சரி, யார் அந்த எண்ணைக் கெடுக்கிறார்கள் என்று பார்க்க ஜிடிபி என்ற டிபக்கரில் ஒரு வாட்ச்பாயிண்ட் வைத்தேன், மதிப்பு பத்து லட்சத்தைத் தாண்டினால் மட்டும் நிறுத்து என்ற நிபந்தனையோடு. அது காட்டிய வரி, வேலையை எடுத்த பிறகு பெண்டிங்கில் ஒன்றைக் குறைக்கும் வரி. அணுச் செயலாக, அதாவது நடுவில் யாரும் குறுக்கிட முடியாதபடி அட்டாமிக்காகக் குறைக்கும் வரி. அதற்கு மேலேயே பெண்டிங் பூஜ்ஜியத்தைவிடப் பெரிதா என்ற சோதனையும் இருக்கிறது, ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் உள்ளே விடும் லாக்கும் இருக்கிறது. பழைய மதிப்பு 1. ஒன்றில் ஒன்று போனால் பூஜ்ஜியம். 4294967295 எப்படி வரும்?

கணக்கு தப்பாது, அதனால் மெமரிதான் எங்கோ கெடுகிறது என்று முடிவு கட்டினேன். யாரோ விடுவித்த மெமரியில் எழுதுகிறார்கள், பக்கத்து அரே எல்லை தாண்டுகிறது, இப்படி. மெமரித் தவறுகளைப் பிடிக்கும் அட்ரஸ் சானிட்டைசரைப் போட்டு ஓட்டினேன். ஸ்ட்ரக்சருக்கு முன்னும் பின்னும் காவல் பைட்டுகள் வைத்தேன். ஒன்றும் சிக்கவில்லை. சிக்காது, ஏனென்றால் அங்கே எதுவும் கெடவில்லை.

இப்போது அடித்தளத்துக்குப் போவோம்.

வாட்ச்பாயிண்ட் என்றதும் நாம் மனதில் வைப்பது மெமரியில் ஒரு இடத்துக்குப் பக்கத்தில் நிற்கும் காவல்காரனை. யார் தொட்டாலும் கூப்பிடுவான் என்று. நடைமுறையில் காவல் மெமரியில் இல்லை, ப்ராசசரில் இருக்கிறது. 1985-ல் வந்த இன்டெல் 80386-ல் இருந்து எக்ஸ்86 வகை ப்ராசசர்களில் டீபக் ரிஜிஸ்டர்கள் என்று, ப்ராசசருக்குள்ளேயே இருக்கும் சின்னச் சேமிப்பிடங்களின் ஒரு தொகுதி உண்டு. டிஆர்0 முதல் டிஆர்3 வரை நான்கு ரிஜிஸ்டர்களில் நான்கு முகவரிகளை எழுதலாம். டிஆர்7-ல் ஒவ்வொரு முகவரிக்கும் எத்தனை பைட், எழுதினால் மட்டுமா படித்தாலும் சேர்த்தா என்று குறிக்கலாம். சிக்கினால் எது சிக்கியது என்பது டிஆர்6-ல் தெரியும். ஒரு ரிஜிஸ்டர் 1, 2, 4 பைட்டுகளைக் காக்கும், 64 பிட் முறையில் 8 பைட்டும் காக்கும். முகவரி அந்த அளவுக்குத் தகுந்தபடி ஒழுங்காக அமைந்திருக்க வேண்டும். ஆக மொத்தம் நான்கு எட்டு முப்பத்திரண்டு பைட். அவ்வளவுதான் நம் கையில் உள்ள காவல்.

இந்த ரிஜிஸ்டர்கள் ஒவ்வொரு கோருக்கும், அதாவது ப்ராசசருக்குள் தனியாக இயங்கும் ஒவ்வொரு பகுதிக்கும், தனித்தனி. ஒரு கோரில் எழுதியது இன்னொரு கோருக்குத் தெரியாது. த்ரெட்டுகளோ ஒரு கோரில் கொஞ்ச நேரம், இன்னொன்றில் கொஞ்ச நேரம் என்று அலைபவை. அதனால் ஆப்பரேட்டிங் சிஸ்டம் இந்த ரிஜிஸ்டர்களை த்ரெட்டின் சொத்தாக வைத்திருக்கிறது. த்ரெட் கோரில் ஏறும்போது அதன் காவல் முகவரிகளும் ஏறும், இறங்கும்போது அவையும் இறங்கும். லினக்ஸிலும் இப்படித்தான், விண்டோஸிலும் இப்படித்தான். விண்டோஸில் டிபக்கர் ஒவ்வொரு த்ரெட்டின் கான்டெக்ஸ்டிலும், அதாவது அதன் ரிஜிஸ்டர் நிலையைக் குறித்து வைக்கும் இடத்திலும், டீபக் ரிஜிஸ்டர்களை எழுத வேண்டும். லினக்ஸில், இன்னொரு ப்ரோக்ராமைக் கட்டுப்படுத்த டிபக்கர் பயன்படுத்தும் பீட்ரேஸ் வழியாக ஒவ்வொரு த்ரெட்டுக்கும் எழுத வேண்டும்.

இங்கேதான் என் மனப்படம் மாறியது. பெண்டிங்கைப் பார்த்துக்கொள் என்று நான் ஒரு முறைதான் சொன்னேன். டிபக்கர் அதை ஒன்பது முறை, ஒன்பது த்ரெட்டுகளிடமும் தனித்தனியாகச் சொல்லியிருக்கிறது. ஒரு த்ரெட்டிடம் சொல்லாமல் விட்டால் அந்த த்ரெட் எழுதுவது யாருக்கும் தெரியாது.

சொல்வதும் அவ்வளவு சுலபமில்லை. பீட்ரேஸ் வழியாக ஒரு த்ரெட்டின் ரிஜிஸ்டரை மாற்ற அந்த த்ரெட் நின்றிருக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் த்ரெட்டுக்கு எழுத முடியாது. அதனால் ஜிடிபி இந்த வேலையைத் தள்ளிப்போட்டு வைத்திருக்கும். காவல் பட்டியல் மாறிவிட்டது என்று ஒவ்வொரு த்ரெட்டின் மேலும் ஒரு குறி வைத்துவிட்டு, அந்த த்ரெட்டை மறுபடி ஓட விடும் கணத்தில் ரிஜிஸ்டரை எழுதும்.

புதிதாகப் பிறக்கும் த்ரெட் இன்னொரு கதை. ப்ரோக்ராம் நடுவில் ஒரு த்ரெட்டை உண்டாக்கினால், லினக்ஸில் அது தாய் த்ரெட்டின் காவல் முகவரிகளை எடுத்துக்கொண்டு வருவதில்லை, வெறுங்கையோடு பிறக்கிறது. அதனால் டிபக்கர் முன்கூட்டியே, ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையமான கெர்னலிடம் சொல்லி வைக்கிறது: இந்த ப்ராசஸ், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் இந்த ப்ரோக்ராம், புது த்ரெட் உண்டாக்கினால் அதை முதல் கட்டளைக்கு முன்னாலேயே நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிடு என்று. கூப்பிட்டதும் போய் நான்கு ரிஜிஸ்டரையும் நிரப்பி, அப்புறம்தான் ஓட விடும். எண்ணற்ற சின்னச் சின்ன த்ரெட்டுகளை உண்டாக்கி முடிக்கும் ப்ரோக்ராம்கள் டிபக்கருக்குள் ஏன் இப்படி நொண்டுகின்றன என்று எனக்கு ரொம்ப நாள் புரியாமல் இருந்தது. ஒவ்வொரு பிறப்புக்கும் இந்தச் சடங்கு நடந்தாக வேண்டும் என்பதும் அதில் ஒரு காரணம்.

முப்பத்திரண்டு பைட் என்றேன் அல்லவா, அது எவ்வளவு சீக்கிரம் தீரும் என்பதையும் பார்க்க வேண்டும். இன்னொரு இடத்தின் முகவரியை வைத்திருப்பது பாயிண்ட்டர். ஒரு பாயிண்ட்டர் சங்கிலியை அப்படியே கொடுத்து, உதாரணமாக முதல் கணுவின் அடுத்த கணுவின் மதிப்பை வாட்ச் செய் என்று சொன்னால், ஜிடிபி கடைசி மதிப்பை மட்டும் பார்ப்பதில்லை. முதல் பாயிண்ட்டர் மாறினாலும் அந்தக் கோவையின் (எக்ஸ்பிரஷனின்) மதிப்பு மாறும் என்பதால் அதையும் பார்க்கும், நடுப் பாயிண்ட்டரையும் பார்க்கும். ஒரே கட்டளையில் மூன்று ரிஜிஸ்டர் போய்விட்டது. அதோடு கோவையில் லோக்கல் வேரியபிள் இருந்தால், அந்த ஃபங்ஷன் முடிந்ததும் வாட்ச்பாயிண்ட்டையே ஜிடிபி நீக்கிவிடும். நான் முதல் தடவை அப்படித்தான் வைத்தேன். க்யூவின் பாயிண்ட்டர் லோக்கலாக இருந்த ஃபங்ஷனுக்குள் நின்றுகொண்டு வைத்தேன், ஃபங்ஷன் முடிந்தது, வாட்ச்பாயிண்ட்டும் போனது. இதற்கு மருந்து லொகேஷன் என்ற விருப்பம், சுருக்கமாக ஹைஃபன் எல். கோவையை இப்போதே ஒரு முறை கணக்கிட்டு, கிடைக்கும் முகவரியை மட்டும் காவலில் வை என்று அர்த்தம். பல த்ரெட் ப்ரோக்ராமில் இது இல்லாமல் நான் வாட்ச் கட்டளையைத் தொடுவதே இல்லை. ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனித்தனிப் பிரதி உள்ள த்ரெட்-லோக்கல் வேரியபிள் என்றால் இன்னும் ஒரு கவனம் வேண்டும்: நீங்கள் நிற்கும் த்ரெட்டின் பிரதியின் முகவரிதான் கிடைக்கும், மற்றவர்களின் பிரதி காவலில் வராது.

ரிஜிஸ்டர்களுக்குள் அடங்காத பெரிய பொருளைக் கொடுத்தால் என்ன ஆகும்? 64 பிட் எக்ஸ்86-ல் 40 பைட் ஸ்ட்ரக்சரை முழுதாகக் கொடுத்தால் ஜிடிபி மறுக்காது. சத்தமில்லாமல் சாஃப்ட்வேர் வாட்ச்பாயிண்ட்டுக்கு மாறிவிடும். பதிலில் ஹார்டுவேர் என்ற சொல் மட்டும் இருக்காது, வெறும் வாட்ச்பாயிண்ட் 2 என்று வரும். அந்த ஒரு சொல் இல்லாததைக் கவனிக்க வேண்டும். சாஃப்ட்வேர் முறையில் டிபக்கர் ப்ரோக்ராமை ஒவ்வொரு கட்டளையாக நடத்தி, ஒவ்வொரு அடிக்கும் மதிப்பு மாறியதா என்று பார்க்கும். நூற்றுக்கணக்கான மடங்கு வேகம் குறையும் என்று ஜிடிபியின் கையேடே சொல்கிறது. வேகம் குறைவதைப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது இன்னொன்று: இந்த முறை ஒரே ஒரு த்ரெட்டின் நடமாட்டத்தைத்தான் நம்பிக்கையாகப் பார்க்கும். நடப்பு த்ரெட் இல்லாத வேறொன்று மதிப்பை மாற்றினால் கவனிக்காமல் போகலாம் என்று அதே கையேடு எச்சரிக்கிறது. த்ரெட்டுகளுக்கு இடையிலான பிழையைத் தேடுகிறவருக்கு அது பயன்படாத கருவி. பயன்படாததோடு, நடந்ததை நடக்கவில்லை என்று நம்ப வைக்கும் கருவி. என்னைக் கேட்டால், இரண்டு த்ரெட்டுக்கு மேல் உள்ள ப்ரோக்ராமில் ஹார்டுவேர் என்ற சொல் வராத பதிலைப் பார்த்ததும் அந்த வாட்ச்பாயிண்ட்டை அழித்துவிட்டு, பொருளைச் சின்னதாக்கி மறுபடி வைப்பது நல்லது.

பக்கப் பாதுகாப்பை மாற்றிக் காவல் வைக்கும் முறையும் ஒன்று உண்டு. மெமரிப் பக்கம் முழுவதையும் எழுதக் கூடாததாக்கிவிட்டு, யாராவது எழுத வந்தால் பிடிப்பது. எவ்வளவு பெரிய பொருளையும் காக்கலாம். ஆனால் பிடித்தவரை அந்த எழுத்தை முடிக்க விட வேண்டுமே, அதற்காகப் பக்கத்தைத் திறக்கும்போது அது எல்லா த்ரெட்டுகளுக்கும் திறந்துவிடும். மற்ற எல்லோரையும் நிறுத்தி வைத்துவிட்டுத்தான் அந்த ஒரு அடியை எடுக்க விட முடியும்.

இப்போது என் மூன்று வரிக்குத் திரும்பலாம்.

ஒரு த்ரெட் காவல் முகவரியில் எழுதியதும் என்ன நடக்கிறது என்று வரிசையாகப் பாருங்கள். எக்ஸ்86-ல் எழுதும் கட்டளை முழுதாக முடிந்த பிறகுதான் ட்ராப், அதாவது ஓட்டத்தை இடைமறிக்கும் அறிவிப்பு, வரும். ப்ராசசர் கெர்னலுக்குள் நுழைகிறது. கெர்னல் அந்த த்ரெட்டை நிறுத்தி, டிபக்கருக்குத் தகவல் அனுப்புகிறது. டிபக்கர் தனி ப்ராசஸ், அது தூக்கத்திலிருந்து எழ வேண்டும். எழுந்து, யார் நின்றது, ஏன் நின்றது என்று பார்த்து, மற்ற எட்டு த்ரெட்டுகளுக்கும் நில் என்று ஒவ்வொன்றாக சிக்னல் அனுப்புகிறது. அவை ஒவ்வொன்றும் நின்றுவிட்டதா என்று உறுதி செய்கிறது. கடைசியில் மெமரியில் இருந்து பெண்டிங்கின் மதிப்பைப் படித்து, தன்னிடம் இருக்கும் பழைய மதிப்போடு ஒப்பிடுகிறது.

இதில் ப்ராசசருக்குத் தெரிந்தது என்ன? இந்த முகவரி தொடப்பட்டது என்பது மட்டும். எதில் இருந்து எதற்கு மாறியது என்று ப்ராசசர் சொல்வதே இல்லை. பழைய மதிப்பு என்பது டிபக்கர் கடைசியாகப் படித்து வைத்திருந்தது. புதிய மதிப்பு என்பது எல்லாம் நின்றபின் அது படித்தது. இரண்டுக்கும் நடுவில் மற்ற கோர்களில் மற்ற த்ரெட்டுகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. கோர்களின் கணக்கில் அது நீண்ட நேரம், பல்லாயிரம் கட்டளைகள் ஓடி முடியும் நேரம்.

அதாவது என் ப்ரோக்ராமில் நடந்தது இதுதான். பெண்டிங் 1 ஆக இருந்தபோது மூன்றாவது த்ரெட் பூஜ்ஜியத்தைவிடப் பெரிதா என்று பார்த்தது, ஆம். அதே நேரத்தில் ஏழாவது த்ரெட்டும் அதையே பார்த்தது, ஆம். மூன்றாவது குறைத்தது, மதிப்பு 0 ஆனது, ட்ராப் வந்து நின்றது. டிபக்கர் எழுந்து வருவதற்குள் ஏழாவதும் குறைத்தது, மதிப்பு 4294967295 ஆனது, அதற்கும் ட்ராப் வந்து நின்றது. டிபக்கர் மெமரியைப் படித்தபோது இரண்டு கழித்தலும் முடிந்திருந்தன. அது மூன்றாவது த்ரெட்டின் பெயரைப் போட்டு, 1-ல் இருந்து 4294967295 என்று அறிவித்தது.

ஏழாவது த்ரெட்டுக்கும் ட்ராப் வந்ததே, அது ஏன் திரையில் வரவில்லை? டிபக்கர் ஒரு நேரத்தில் ஒரு நிகழ்வைத்தான் நமக்குக் காட்டும். மற்றவை பாக்கியாக வரிசையில் நிற்கும். பல த்ரெட்டுகள் ஒரே சமயத்தில் சிக்கியிருந்தால், எப்போதும் ஒரே த்ரெட் முந்திக்கொள்ளக் கூடாது என்பதற்காக லினக்ஸில் ஜிடிபி அவற்றில் ஒன்றைக் குலுக்கல் முறையில்கூடத் தேர்ந்தெடுக்கிறது. நான் தொடர் என்று கட்டளை கொடுத்ததும் ஏழாவது த்ரெட்டின் நிகழ்வு கவனிக்கப்பட்டிருக்கும். ஜிடிபி மதிப்பை மறுபடி ஒப்பிட்டுப் பார்த்தது. தன்னிடம் பழைய மதிப்பாக இருப்பது 4294967295, மெமரியில் இருப்பதும் 4294967295. மாறவில்லை. எழுதுவதைக் காக்கும் வாட்ச்பாயிண்ட் மதிப்பு மாறினால்தான் நம்மைக் கூப்பிடும், அதே மதிப்பைத் திரும்ப எழுதினால் கூப்பிடாது. அதனால் ஏழாவது த்ரெட்டைப் பேசாமல் ஓட விட்டுவிட்டது.

இது டிபக்கரின் பிழை இல்லை. மதிப்பு மாறாத எழுத்துக்கெல்லாம் நின்றால் யாரும் அதைப் பயன்படுத்த முடியாது. ஆனால் அந்த விதி ஒரே த்ரெட்டை மனதில் வைத்துத்தான் சரியாகப் பொருந்துகிறது. இரண்டு த்ரெட் ஒரே முகவரியில் மோதும் கணத்தில், அதாவது நாம் தேடும் அதே கணத்தில், இரண்டு மாற்றம் ஒன்றாகச் சுருங்கி ஒருவர் தலையில் விழுகிறது.

படிப்பதைக் காக்கும் ஆர்வாட்ச் கட்டளைக்கும் இதே சிக்கல் வேறு உருவில் வருகிறது. எக்ஸ்86-ல் படிப்பதை மட்டும் காக்க வழியில்லை, படித்தாலும் எழுதினாலும் சிக்கும் வகைதான் உண்டு. அதனால் ஜிடிபி சிக்கியபின் மதிப்பைப் பார்க்கிறது. மாறியிருந்தால் இது எழுத்து, படிப்பு இல்லை என்று தள்ளிவிடுகிறது. ஒரு த்ரெட் படித்துச் சிக்கிய அதே நேரத்தில் இன்னொரு த்ரெட் எழுதியிருந்தால், அந்தப் படிப்பு காணாமல் போகும்.

எனக்கு இதெல்லாம் எப்படித் தெரிய வந்தது? மூன்றாவது முறை அதே அறிவிப்பு வந்தபோது, வேறு வழி தெரியாமல் எல்லா த்ரெட்டுகளின் ஸ்டாக்கையும், அதாவது ஒவ்வொன்றும் எந்த ஃபங்ஷனில் நிற்கிறது என்ற பட்டியலையும், மொத்தமாக அச்சிட்டேன். முதல் இரண்டு முறையும் டிபக்கர் காட்டிய த்ரெட்டை மட்டுமே பார்த்திருந்தேன். ஒர்க்கர்களில் சில வேலை செய்துகொண்டிருந்தன, சில வேலை வரும்வரை கண்டிஷன் வேரியபிளில் காத்துத் தூங்கின. எல்லாம் வழக்கமான இடங்கள். ஏழாவது மட்டும் வேறு இடத்தில் இருந்தது. அது ஒர்க்கர் இல்லை, நேரம் கடந்த வேலைகளைத் தூக்கி எறியும் டைம்அவுட் த்ரெட். அதன் ஸ்டாக்கில் மேலே இருந்த ஃபங்ஷனுக்குள் நுழைந்து, அசெம்பிளியைப் போட்டுப் பார்த்தேன். அம்புக்குறி நின்ற கட்டளைக்கு நேர் முந்தைய கட்டளை, கழித்தலை அட்டாமிக்காக்கும் லாக் என்ற முன்னொட்டோடு ஒன்றைக் கழிக்கும் கட்டளை. முகவரியைக் கணக்கிட்டேன். பெண்டிங்தான்.

அங்கே அது தற்செயலாக நிற்கவில்லை என்று அப்போது புரிந்தது. லட்சக்கணக்கான கட்டளைகளில் ஓடித் திரியும் த்ரெட், சரியாக அந்தக் கழித்தலுக்கு அடுத்த கட்டளையில் நிற்கிறது என்றால், அதை நிறுத்தியது என் காவல்தான். எழுதி முடித்தபின் ட்ராப் வருவதால், எழுதியவர் எப்போதும் ஒரு கட்டளை தள்ளி நிற்பார். தடயம் முதல் நாளே கண் முன்னால் இருந்திருக்கிறது. தொடர் என்று நான் தட்டியதும் அழிந்திருக்கிறது.

எக்ஸ்86-ல் இருந்து ஆர்ம் வகை ப்ராசசர்கள் பக்கம் போனால் இந்தத் தடயம் வேறு மாதிரி இருக்கும். ஆர்மில் ட்ராப் எழுதுவதற்கு முன்னால் வருகிறது. த்ரெட் எழுதப்போகும் கட்டளையின் மேலேயே நிற்கும், மதிப்பு இன்னும் மாறியிருக்காது. அதனால் டிபக்கர் காவலைக் கொஞ்சம் எடுத்துவிட்டு, அந்த த்ரெட்டை ஒரே ஒரு அடி நடத்தி, காவலை மறுபடி வைத்து, அப்புறம் மதிப்பை ஒப்பிட வேண்டும். அந்த ஓர் அடியின்போது காவல் இல்லாத இடைவெளியில் மற்றவர்கள் புகுந்துவிடாமல் அவர்களை நிறுத்தி வைக்க வேண்டும். 64 பிட் ஆர்ம் கட்டமைப்பு 16 வாட்ச்பாயிண்ட் வரை இடம் தருகிறது, பல சிப்களில் 4 தான் இருக்கும்.

ஆர்மில் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது லாக் வேரியபிளின் மேல் காவல் வைப்பது. பழைய ஆர்ம் முறையில் ஒரு அட்டாமிக் செயல் என்பது இரண்டு கட்டளை: எக்ஸ்க்ளூசிவாகப் படி, எக்ஸ்க்ளூசிவாக எழுது. நடுவில் யாரும் குறுக்கிடவில்லை என்றால்தான் எழுத்து பலிக்கும், குறுக்கிட்டால் தோற்று, லூப் மறுபடி முதலில் இருந்து ஆரம்பிக்கும். எழுதும் கட்டளையில் காவல் சிக்கினால் கெர்னலுக்குள் போய்வர வேண்டும், திரும்பி வரும்போது அந்த எக்ஸ்க்ளூசிவ் உரிமை அழிந்துவிடும். ஓர் அடி நடத்தினால் எழுத்து தோற்கும். லூப் சுற்றி வரும், மறுபடி சிக்கும், மறுபடி தோற்கும். பார்க்க உட்கார்ந்ததாலேயே அந்த எழுத்து ஒருநாளும் நடக்காமல் போகலாம். ஆர்ம்வி8.1-ல் ஒரே கட்டளையில் முடியும் அட்டாமிக் செயல்கள் வந்தன. அந்தக் கட்டளைகளைப் பயன்படுத்தும்படி கம்பைல் செய்த ப்ரோக்ராமில் இந்தச் சுழல் வராது.

காவலின் எல்லைக்கு அப்பால் இருப்பவை சிலவும் உண்டு. ரிஜிஸ்டரில் இருப்பது வர்ச்சுவல் முகவரி, அதாவது ப்ரோக்ராம் பயன்படுத்தும் முகவரி, மெமரியின் உண்மையான முகவரி இல்லை. அதே மெமரியை வேறொரு முகவரியிலும் மேப் செய்திருந்தால், அந்த வழியாக எழுதுவது சிக்காது. ஷேர்டு மெமரியில் இன்னொரு ப்ராசஸ் எழுதினால் சிக்காது, அதன் த்ரெட்டுகளிடம் நாம் எதுவும் சொல்லவில்லை. டிவைஸ்கள் டிஎம்ஏ வழியாக நேராக மெமரியில் எழுதுவதும் சிக்காது, அது ப்ராசசரின் வழியாகவே வருவதில்லை. மதிப்பு மாறியிருக்கிறது, வாட்ச்பாயிண்ட் வாயே திறக்கவில்லை என்றால், இந்த மூன்றையும் முதலில் நினைத்துப் பார்ப்பேன்.

டிபக்கர் எல்லோரையும் நிறுத்துவதே சிக்கலாக இருக்கும்போது, ப்ரோக்ராமின் ஓட்டத்தை அளக்கும் லினக்ஸ் கருவியான பெர்ஃப் கைகொடுக்கும். லினக்ஸ் 2.6.33-ல், 2010-ல், ஹார்டுவேர் பிரேக்பாயிண்ட்டுகளை பெர்ஃப் நிகழ்வுகளாகப் பயன்படுத்தும் வசதி வந்தது. ஒரு முகவரியைக் கொடுத்தால், அதில் எழுதிய ஒவ்வொரு முறையும் எந்த த்ரெட், எந்த இடத்தில் இருந்து, எப்போது என்று குறித்துக்கொண்டே போகும். யாரையும் நிறுத்தி வைத்து டிபக்கரை எழுப்புவதில்லை. மதிப்பு கிடைக்காது. ஆனால் என் பிழைக்கு மதிப்பே தேவைப்படவில்லை, இரண்டு வெவ்வேறு இடங்களில் இருந்து குறைக்கிறார்கள் என்று தெரிந்திருந்தால் போதும். இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும்.

ஆர்ஆர் என்ற கருவி வேறு வழியில் போகிறது. மொஸில்லாவில் உருவாகி 2014-ல் வெளிவந்தது. ப்ரோக்ராமின் ஓட்டம் முழுவதையும் பதிவு செய்து, அதையே எத்தனை முறை வேண்டுமானாலும் அச்சு அசலாகத் திரும்ப ஓட்டும். அதில் எல்லா த்ரெட்டுகளும் ஒரே கோரில், ஒரு நேரத்தில் ஒன்றாகத்தான் ஓடும். அதனால் இரண்டு த்ரெட் ஒரே கணத்தில் சிக்குவது என்ற பேச்சே இல்லை, பழைய மதிப்பும் புதிய மதிப்பும் சொன்னபடி இருக்கும். கெட்ட மதிப்பைப் பார்த்த இடத்தில் வாட்ச்பாயிண்ட் வைத்து, பின்னோக்கி ஓடு என்று சொன்னால், எழுதிய வரியில் போய் நிற்கும். ஒரே கோரில் ஓட்டினால் த்ரெட்டுகள் மோதுவதே குறைந்து பிழை வராமல் போகலாம். அதற்காகவே த்ரெட்டுகளின் முறையைக் கண்டபடி கலைத்து விடும் கேயாஸ் மோட் என்ற வசதி வைத்திருக்கிறார்கள்.

என் பிழையைப் புரிந்துகொண்டபின் இன்னொரு விஷயம் பிடிபட்டது. டிபக்கர் எழுந்து வரும் அந்த இடைவெளிதான் இரண்டாவது கழித்தலுக்கு இடம் கொடுத்தது. அதை யாராவது வேண்டுமென்றே செய்தால்? செய்திருக்கிறார்கள். மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சிப் பிரிவினர் 2010-ல் டேட்டாகொலைடர் என்ற கருவியை வெளியிட்டார்கள். கெர்னல் கோடில் ஏதோ ஒரு மெமரி அணுகலை எடுத்துக்கொள்வார்கள், அந்த முகவரியில் ஹார்டுவேர் காவலை வைப்பார்கள், அந்த த்ரெட்டைக் கொஞ்ச நேரம் வேண்டுமென்றே காக்க வைப்பார்கள். அந்த நேரத்தில் வேறு யாராவது அதே முகவரியைத் தொட்டால், இருவரையும் கையும் களவுமாகப் பிடித்ததாகிவிடும். லினக்ஸ் கெர்னலில் 5.8-ல், 2020-ல் சேர்ந்த கேசிசான் என்ற மோதல் தேடும் கருவியும் இதே யோசனையில் நடப்பது. அதில் காவல் ஹார்டுவேரில் இல்லை, கம்பைலர் செருகிய சோதனைகளில் இருக்கிறது. எனக்குத் தடையாக இருந்த தாமதத்தையே இவர்கள் தூண்டிலாக்கியிருக்கிறார்கள். படித்தபோது உண்மையிலேயே சிலிர்த்தது.

சரி, பிழையின் கதையை முடிக்கிறேன். டைம்அவுட் த்ரெட்டின் கோடை எழுதியவர், பெண்டிங் அட்டாமிக்தானே, லாக் எதற்கு என்று நினைத்திருக்கிறார். குறைப்பது அட்டாமிக். பூஜ்ஜியமா என்று பார்ப்பதும் அட்டாமிக். ஆனால் பார்ப்பதற்கும் குறைப்பதற்கும் நடுவில் இடைவெளி இருக்கிறது. ஒர்க்கர்கள் லாக்குக்குள் இருந்தார்கள், டைம்அவுட் த்ரெட் வெளியே இருந்தது. இரண்டு இடத்திலும் பார்ப்பதையும் குறைப்பதையும் ஒரே கம்பேர்-எக்ஸ்சேஞ்சாக மாற்றினேன். நான் படித்த மதிப்பே இன்னும் இருந்தால் மட்டும் ஒன்று குறைத்து எழுது, இல்லையென்றால் மறுபடி படி என்று.

மாற்றிய பிறகு அதே வாட்ச்பாயிண்ட்டை மறுபடி வைத்தேன், இந்த முறை நிபந்தனையில்லாமல், ஒவ்வொரு நிறுத்தத்திலும் எல்லா த்ரெட்டின் ஸ்டாக்கிலும் மேல் ஒரு வரியை அச்சிட்டுவிட்டுத் தானே தொடரும் கட்டளைகளைச் சேர்த்து. ஒரு மணி நேரம் ஓட விட்டு, அச்சானதைப் படித்தேன். 5-ல் இருந்து 3 என்று ஒரு வரி இருந்தது. மூன்றாவது த்ரெட் சிக்கியதாகச் சொன்னது. கீழே ஏழாவது த்ரெட்டைத் தேடினேன். கம்பேர்-எக்ஸ்சேஞ்சுக்கு அடுத்த கட்டளையில் நின்றுகொண்டிருந்தது.